கால் நோவுக்கு வந்தவர்

கட்டடம் ஒன்றுதான், வாசல்தான் இரண்டு. இடதுபக்கத்து வாசலில் கால், பாதம், நகம் பார்க்கிறவர்கள் இருந்தார்கள், வலதுபக்கத்து வாசலில் மற்றது. மற்றதற்கு எமல்டா பெயர் வைக்கவில்லை, வைக்கப்போவதுமில்லை. இடதுபக்கத்தால் நுழைந்து உள்ளேயிருக்கிற கண்ணாடிக் கதவைத் தள்ளினால் வலதுபக்கத்துக்கு வந்துவிடலாம் என்று போன கிழமையே தனியாக வந்து பார்த்து வைத்திருந்தாள். வீதியில் நின்று எவராவது பார்த்தால் சூசைநாதனும் பெண்சாதியும் கால் நோவுக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கால் நோ என்பது நல்ல வருத்தம். எந்தக் குடும்பத்திலும் வரலாம், யாரும் குரலைத் தணித்துக் கேட்கமாட்டார்கள். ஆறு மாதமாகத் தமிழ்ப் பூசைக்குப் போகிற இடமெல்லாம் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அவரிடமும் சொல்லி வைத்தாள், இஞ்சருங்கோ, எங்கட ஆக்களைக் கண்டால் கொஞ்சம் நொண்டுங்கோ என்று. மனிதர் மறுபேச்சில்லாமல் நொண்டினார். எதற்கும் மறுபேச்சில்லாத மனிதர்தான், ஊரில் இரண்டு வருடம் தடுப்புக்காவலில் இருந்து வந்த பிறகு மறுபேச்சு என்பதே அவரிடம் இல்லாமல் போயிற்று. ஆனால் எந்தக் காலென்று மறந்துவிடுவார். போன மாதம் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது திரேசம்மா அக்கா கண்ணைச் சுருக்கி, "என்ன எமல்டா, போன ஞாயிறு வலது காலெல்லோ?" என்றாள். "நரம்பு வருத்தம் அக்கா, மாறி மாறி வரும்" என்று சொல்லிச் சமாளித்தாள். திரேசம்மா அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டால்தான் பயம், சொல்ல வேண்டியதை வேறு இடத்துக்கு எடுத்துப்போகிறாள் என்று அர்த்தம். இப்போது அவர் பக்கத்து நாற்காலியில் இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு இருந்தார், படம் பிடிக்க இருத்தி வைத்தவர்போல. எதிர்ச் சுவரில் துண்டுப்பிரசுரங்கள், பத்துப் பதினைந்து மொழியில். நாலாவது வரிசையில் தமிழ். கொட்டை எழுத்தில் மனநலம் என்று போட்டு, கீழே ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறவளுக்கு இந்த இடத்தில் என்ன வேலை? எமல்டா எழும்பிப் போய் அதை மறுபக்கம் திருப்பி வைத்தாள். வந்து இருந்தாள். எல்லா மொழியும் முகம் காட்டி நிற்க ஒன்று மட்டும் முதுகு காட்டி நின்றால், திருப்பி வைத்தது தமிழ் தெரிந்தவள்தான் என்று ஒரு குழந்தைக்கும் விளங்குமே. எழும்பிப் போய் நேராக்கினாள். அந்தப் பெண் மறுபடி சிரித்தாள்.

மணி ஒன்று ஐம்பத்தைந்து. அழைப்பு இரண்டே காலுக்கு. இருபது நிமிடத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் சொல்லப்போகிறதும் சொல்லாமல் விடப்போகிறதும் ஒரு கடதாசியாகும், அந்தக் கடதாசி மூன்று கிழமையில் நீதவான் முன்னால் போகும், அது சரியாக இல்லாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்புகிற விமானம்தான் என்று லோயர் பெட்டை சொல்லிவிட்டாள். விமானம் என்று அவள் சொல்லவில்லை, "பிறகு நீதவானுக்குச் சொல்ல என்னட்ட ஒண்டுமிருக்காது மிஸிஸ் சூசைநாதன்" என்றுதான் சொன்னாள், ஆனால் விமானம்தான். எல்லாம் அகதி விண்ணப்பத்துக்கு நடந்த அந்த முதல் விசாரணையால் வந்தது. அதற்கு முதல்நாள் எமல்டா அவரை இருத்தி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாள், கொன்வென்ற்றில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த மாதிரி. சுகமாய் இருக்கிறீங்களோ எண்டு கேட்டால் சுகம் எண்டு சொல்லுங்கோ. நித்திரை வருதோ எண்டால் வருது. மனசில ஏதும் எண்டால், ஒண்டுமில்லை. விசரருக்கு எந்த நாடு விசா குடுக்கும்? தங்கட விசரரையே வைச்சுப் பார்க்க இடமில்லாமல் வீதியில விட்டிருக்கினம், உங்களையோ எடுக்கப்போகினம்? அவர் அப்படியே சொன்னார். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார், அதுதான் அநியாயம். மற்ற நேரமெல்லாம் எந்தக் காலென்று மறக்கிற மனிதர் அன்றைக்கு மட்டும் ஒன்றையும் மறக்கவில்லை. நிராகரித்து வந்த கடிதத்தில் பதின்மூன்றாவது பந்தியை எமல்டா மனப்பாடமாகச் சொல்லுவாள். நீர் சித்திரவதைக்கு ஆளானதாகக் கூறுகிறீர், ஆயினும் உமது உடல்நலமும் உளநலமும் நன்றாக உள்ளன என்று நீரே தெரிவித்துள்ளீர், சிகிச்சை எதுவும் நாடவில்லை, ஆகவே. ஆகவே! வாசித்து முடித்த அன்று அவர் குசினிக்குள் வந்து, "நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று கேட்டார். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "இல்லை, நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள்" என்றாள். நான்தான் பிழை என்று அவள் சொல்லவில்லை. வெட்டின வெங்காயத்தை மறுபடி வெட்டினாள். இப்போது அதையே தலைகீழாகச் சொல்ல வேண்டும். முன்னம் இல்லாத விசர் இப்ப எங்கேயிருந்து வந்தது என்று நீதவான் கேட்கமாட்டானா? கேட்பான். கேட்கட்டும். சொல்லுவோம், ஆனால் அளவாகச் சொல்லுவோம். தலையிடி, நித்திரைக் குறைவு, யோசனை. மரியாதையான வருத்தங்கள், ஒரு ரீச்சருக்கும் வரலாம், ஒரு பாதருக்கும் வரலாம். தாழ்ப்பாள் கதையெல்லாம் தேவையில்லை.

இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நல்ல வெளிச்சமான காலை பதினொரு மணி, அவர் வெண்ணெய்க் கத்தியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். ஒரு அவசரமுமில்லை. ஒவ்வொரு கதவிலும் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணிகளை எண்ணி, கடதாசியில் சுற்றி, பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடினார். மலசலகூடத்துக் கதவையும் விடவில்லை. "இனி ஒருத்தரும் பூட்டேலாது" என்றார், கடையில் சாமான் வாங்கி முடித்தவர்போல. அன்றிலிருந்து குளிக்கப்போகிறவர் உள்ளே ஆள் இருப்பது தெரிய சத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மகள் நிலானிக்குப் பாட்டு வராது, அதனால் செபமாலை சொல்லுவாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை சவர்க்காரத்தோடு நின்று அருள் நிறைந்த மரியாயே என்று கத்துவதைக் கேட்டால் சிரிப்பு வரும். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. வீட்டுக்கு வருகிற ஆட்களிடம் எமல்டா, வீட்டுக்காரன் திருத்தித் தருகிறானில்லை என்றாள். எட்டு மாதம் ஒரு தாழ்ப்பாளைத் திருத்தாத வீட்டுக்காரன் உலகத்தில் உண்டா, உண்டு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், வெள்ளைக்காரனைப் பற்றி எதைச் சொன்னாலும் எங்கட சனம் நம்பும். ரொறொன்ரோக்காரர் நம்புவார்களா? நிலானியைக் கேட்டு வந்திருக்கிற இடம். பெடியன் கணக்காளர், தாய் இரண்டு தரம் தொலைபேசியில் கதைத்தாள், தேன் மாதிரிக் கதை. மூன்றாம் தரம், கதையோடு கதையாக, "குடும்பத்தில வேற வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" என்றாள். வேற வருத்தம். சலரோகம், பிறஷர் எல்லாம் வெறும் வருத்தம், அவள் கேட்டது வேற வருத்தம். எமல்டா, "அவருக்குக் கால்தான் கொஞ்சம்" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அந்த மனுசியைக் குறை சொல்லி என்ன, எமல்டாவே அப்படிக் கேட்டிருப்பாள். கேட்டிருக்கிறாள், தம்பிக்குப் பெண் பார்க்கும்போது. ஊரில் எமல்டா வீட்டு வீதி முடக்கில் ஒரு வீடு இருந்தது, பச்சைக் கேற். அந்த வீட்டு மாமன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, வருகிற போகிற வாகன இலக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கொன்வென்ற் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு போகும்போது எமல்டாதான் முன்னால் போய், "அங்கிள், எங்கட நம்பர் என்ன?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் உண்மையாகவே தேடுவார், அவர்களுடைய நெற்றியிலும் முதுகிலும் இலக்கத்தைத் தேடுவார். அந்த வீட்டில் மூன்று பெண்கள், மூன்றும் நல்ல நிறம், மூன்றும் நரைத்துப்போய் அந்தக் கேற்றுக்குள்ளேயே கிடந்தார்கள். ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது? சிரித்தது சின்ன வயதில். சின்ன வயதில் சிரித்ததற்கெல்லாம் ஆண்டவர் பேரேடு வைத்திருப்பாரா? மேல்மாடி எரித்திரியாக்காரி நினைவுக்கு வந்தாள், மாடிப்படியில் நின்று மருந்துப் பெட்டியைக் கிலுக்கி, என் தலைக்குள் நோய் என்று, கடைக்குப் போகிறேன் என்கிற மாதிரிச் சொல்லுவாள். அவளுக்குக் கட்டிக்கொடுக்கப் பெண் இல்லை. அதுதான் வாய் அவ்வளவு நீளம்.

கண்ணாடிக் கதவு தள்ளுப்பட்டது. நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, நெற்றியில் சின்னப் பொட்டு. எமல்டாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. வரவேற்பு மேசையில் ஏதோ சொல்லி, திரும்பி, நேராக அவர்களைப் பார்த்து வந்தாள், முகமெல்லாம் மலர்ச்சி. "வணக்கம் அக்கா, வணக்கம் அண்ணை. நான் மங்களேஸ்வரி, உங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருக்கிறன்." அவர் எழுந்து நின்றார், யார் வந்தாலும் எழுந்து நிற்பார், இருங்கோ என்று சொல்லும்வரை நிற்பார். அவள் இருங்கோ என்றாள். இருந்தாள் தானும், எமல்டாவுக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்தாள். நல்ல பிள்ளை மாதிரித்தான் இருந்தது. அரை நிமிடம் போனது, ஒரு நிமிடம் போனது. கேட்காதே, கேட்காதே என்று எமல்டா மனதுக்குள் சொன்னாள். "அக்கா ஊரில எவடம்?" கேட்டுவிட்டாள். "யாழ்ப்பாணம்." "யாழ்ப்பாணத்தில எவடம்?" "ரவுண் பக்கம்." "ரவுணுக்குள்ளயோ? கொன்வென்ற்றிலயோ படிச்சனீங்கள்? என்ர பெரிய மச்சாளும் அங்கதான், இப்ப கனடாவில." மூன்றே கேள்வி. மூன்று கேள்வியில் வீதிக்கு வந்துவிட்டாள், நாலாவதில் வீட்டு வாசலில் நிற்பாள், ஐந்தாவதில் உள்ளே வந்து ரின்னைத் திறந்து தாழ்ப்பாளை எண்ணுவாள். எங்களில் இரண்டு பேர் சந்தித்தால் எவடம் என்று கேட்காமல் விட்டதாகச் சரித்திரமுண்டா, அது கெட்ட எண்ணமில்லை, அன்பு, அந்த அன்புதான் ஆளைக் கொல்லும். கனடாவில் எவடம் என்று எமல்டா கேட்கவில்லை, கேட்டால் ரொறொன்ரோ என்று வந்துவிடும். "பயப்பிடாதேங்கோ அக்கா," அவள் குரலைத் தணித்தாள், "உள்ள கதைக்கிறதை நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, எங்கட வேலைச் சட்டம்." ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்றுதானே எல்லாக் கதையும் தொடங்குகிறது. குரலைத் தணித்தாளே, அதைப் பார்த்தீர்களா. கால் நோவென்றால் தணித்திருப்பாளா? எமல்டா எழும்பினாள். எழும்பியது தெரியும், மேசைக்கு நடந்தது தெரியாது. கொன்வென்ற் ஆங்கிலம் வாயிலிருந்து இஸ்திரி போட்ட மாதிரி வந்தது. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, நன்றி, நான் போதுமான அளவு ஆங்கிலம் பேசுவேன், என் கணவருக்கும் அதுதான் விருப்பம். திரும்பிப் பார்த்தாள். மங்களேஸ்வரிக்கு எல்லாம் விளங்கியிருந்தது, அவளும் ஆங்கிலம் தெரிந்தவள்தானே. கோபிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழும்பி, அவரிடம் குனிந்து, "அண்ணை, எல்லாத்தையும் சொல்லுங்கோ, ஒண்டையும் வைச்சுக்கொள்ளாதேங்கோ" என்றாள். போய்விட்டாள். அவர் நொண்டாத இரண்டு காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் சின்னப் பெண், மஞ்சள் சுவெற்றர், நிலானியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். சொந்தக்காரர் மொழிபெயர்ப்பது வழக்கமில்லை என்றாள், உங்களுக்கு முன்னால் சொல்ல முடியாதது சில இருக்கலாமே என்றாள். எங்களுக்குள் ஒளிப்பு மறைப்பு ஒன்றுமில்லை டொக்டர் என்றாள் எமல்டா. இன்னொரு நாள் வைக்கலாமா என்று டொக்டர் கணினியைத் தட்டினாள், அடுத்த இடம் ஏழு கிழமை தள்ளி, வழக்கு மூன்று கிழமையில். டொக்டர் உதட்டைக் கடித்தாள், அவரைப் பார்த்து, ஓகே? என்றாள். அவர் ஓகே என்றார். அப்படித்தான் தொடங்கியது. நித்திரை எப்படி? அவர் சொன்னார், படுக்கிறதில்லை, கதிரையில் இருப்பன், படுத்தால் ஆக்கள் நெஞ்சில ஏறி நிக்கினம். நித்திரை கொஞ்சம் குறைவு என்றாள் எமல்டா. சத்தங்கள் ஏதும் கேட்கிறதா? பக்கத்து அறையில பெடியள் அழுகிறது கேக்கும், பகலிலயும் கேக்கும். பழைய ஞாபகங்கள் வரும், அவளுடைய ஆங்கிலம் ஓடியது, பிசிறில்லாமல் ஓடியது, ஒவ்வொரு வசனமும் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே வந்தது. டொக்டரின் பேனா அவர் பேசும்போது நின்றது, இவள் பேசும்போது ஓடியது. அவர் இவ்வளவு நீளமாகப் பேசி எவ்வளவு காலம்! அவர் நீளமாகச் சொன்னதை இவள் ஏன் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லுகிறாள் என்று டொக்டர் ஒரு தரம் புருவத்தைத் தூக்கினாள். தமிழ் நீளமான மொழி டொக்டர், என்றாள் எமல்டா. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம், வழக்குக்குப் போதுமான அளவு, அடுத்த கேள்விக்குக் கூட்டிச் சொல்லுவோம், அடுத்ததற்கு. பகலில் என்ன செய்வார், வெளியே போவாரா? அவர் டொக்டரைப் பார்க்காமல் எமல்டாவைப் பார்த்துச் சொன்னார். காலமையில பாலத்துக்குப் போறனான். கோச்சித் தண்டவாளத்துக்கு மேல போற பாலம். பத்தே முக்காலுக்கு ஒண்டு நிக்காமல் போகும். அந்த நேரம் மட்டும் தலைக்குள்ள ஒரு சத்தமும் இல்லை எமல்டா. இண்டைக்கு இதோட போதும் எண்டு நினைப்பன், பிறகு நிலானி பின்னேரம் சாப்பிட வருவாள் எண்டு திரும்பி வருவன். இப்ப கொஞ்ச நாளாய் நிலானி ஞாபகத்துக்கு வரப் பிந்துது. இவவிட்டச் சொல்லும். எமல்டாவுக்குக் கேட்டது. காதுக்குள் கேட்கவில்லை, தோலில் கேட்டது. நூல்நிலையத்துக்கு என்றல்லவா போவார், குளிருக்குத் தொப்பி எடுத்தீங்களோ என்று இவளே கேட்டு அனுப்புவாளே. இதை ஆங்கிலத்தில் என்ன சொல்வது, எல்லாச் சொல்லும் தெரியும், ஒவ்வொன்றுக்கும் எழுத்துக்கூட்டுக்கூடத் தெரியும், ஆனால் சொன்னால் அது கடதாசியில் ஏறும், கடதாசி கோப்பில் ஏறும், கோப்பிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து ரொறொன்ரோவுக்கு. ஆளைக் கொண்டுபோய்ப் பூட்டி வைப்பார்கள், தாழ்ப்பாள் உள்ள இடத்தில். டொக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில் நடக்கப் போவார்" என்றது எமல்டாவின் நாக்கு.

டொக்டரின் முகம் விரிந்தது. மிக நல்லது, நடப்பது மிக நல்லது, விடாமல் செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு நாளும், என்று சிரித்துச் சொல்லி அதை எழுதினாள். "என்ன சொல்லுறா?" என்று கேட்டார் அவர். எமல்டா அவர் பக்கம் திரும்பினாள். "போகக்கூடாதாம். கண்டிப்பாப் போகக்கூடாதாம்." அவர் யோசித்தார். "சிரிச்சுக்கொண்டெல்லோ சொன்னவ?" இவள் அதைச் சொல்லவேயில்லை என்று அவருக்கு விளங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்ல முடியாது, வெளியே ஏதோ வாகனம் பின்னுக்கு எடுக்கிற சத்தம் தொடங்கி முடிந்தது. பிறகு அவர் டொக்டர் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்ததைப் பொறுக்கி எடுத்து, "டொக்டர், ட்ரெயின்" என்றார். டொக்டர் பேனாவை நிறுத்தி, ட்ரெயினா, என்று எமல்டாவைப் பார்த்தாள். "இங்கே வர ட்ரெயினில் வந்தோம், அதைச் சொல்லுகிறார்" என்றாள் எமல்டா. வந்தது பஸ்ஸில். இப்படியொரு பொய் தன்னிடம் தயாராக இருந்தது அவளுக்கே தெரியாது, கேட்ட உடனே வந்து நின்றது, பழக்கப்பட்ட நாய்போல. ஓ, களைத்திருப்பீர்கள், என்றாள் டொக்டர், பக்கத்தைத் திருப்பினாள். அவர் கோபிக்கவில்லை. முகத்தில் ஏதோ இறங்கி அமைதியானது, பல வருடமாகக் காணாத அமைதி, கலியாணம் முடிந்த புதிதில் கோயில் முற்றத்தில் நிற்கும்போது இருந்த முகம். கையை நீட்டி அவள் கையின்மேல் வைத்தார், விரல்கள் சூடாக இருந்தன. "பரவாயில்லை எமல்டா," என்றார் அன்பாக, "விடும். இனிச் சொல்லத் தேவையில்லை." டொக்டர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைக்கும் இடத்தைத் தேடினாள், பேனாவைக் கோட்டின்மேல் கொண்டுவந்தாள், அவர் இன்னும் அந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார், அந்த முகத்தைத் தவிர எமல்டாவுக்கு வேறு எதிலும் பயமில்லை, ரொறொன்ரோவில் இல்லை, திரேசம்மா அக்காவில் இல்லை, எதிலுமில்லை. "டொக்டர்," என்றாள். குரல் கொன்வென்ற் குரலாக இல்லை. "டொக்டர், எழுதாதீர்கள். நாங்கள் பஸ்ஸில்தான் வந்தோம்."